பாசி மீனுக்கும் பசிக்கும்

தர்மபுரியில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறேன். சக்கர் மீன் வாங்க வருகிறவர்கள் கேட்பது ஒன்றே: “அண்ணா, இதுக்குத் தீனி வேண்டாமே? பாசியைத் தின்னுக்குமே?” அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நம்பிக்கை எங்கள் ஊர்க் கிணறுகளிலிருந்து வந்தது.

கிணற்று மீனுக்கு யாரும் தீனி போட்டதில்லை. 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்த கம்பூசியாவைக் கொசுப்புழு தின்னவென்று கிணறுகளில் விட்டார்கள். 1952-இல் ஜிலேபிக் கெண்டை வந்தது. ஆப்பிரிக்க மீன், பாசியும் தின்னும், கிடைத்ததையும் தின்னும். பாறைக் கிணற்றில் வெயில் விழுகிற சுவரெல்லாம் பச்சை. மேய்ந்து தீராத அந்தச் சுவர்தான் அதற்குத் தீனி.

பிறகு கிணறுகள் வற்றின, போர்வெல் வந்தது. அதில் ஃப்ளோரைடு. பல்லில் கறை ஏறிய பிள்ளைகளை எங்கள் மாவட்டத்தில் பார்க்காதவர் இல்லை. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறந்தபின் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. குளோரின் கலந்த தண்ணீர் என்பதால், ஒருநாள் பிடித்து வைத்துத்தான் தொட்டியில் ஊற்றச் சொல்வேன்.

அந்தக் காவிரியிலேயே பாசி மேய்கிற மீன் உண்டு. அடித்தோடும் தண்ணீரில் பாறையைப் பிடித்துக்கொண்டு சுரண்டித் தின்னும் சின்ன மீன். நூலில் அதன் பேர் காரா. 1822-இல் கங்கை மீன்களைப் பற்றிய புத்தகத்தில் அந்தப் பேரை வைத்தவர் ஹாமில்டன். 1800-இல் மைசூர்ச் சீமையைச் சுற்றி ஆராய்ந்தாரே புக்கானன், அவரேதான். பேரைப் பின்னால் மாற்றிக்கொண்டார். தென்னாட்டுக் காரா ஒன்றை 1849-இல் எழுதி வைத்தவர் சென்னைப் பட்டாளத்து மருத்துவர் ஜெர்டான். பாய்கிற தண்ணீரில் வளர்ந்த மீனை நின்ற தண்ணீரில் அடைக்க எனக்கு மனசில்லை. பிடித்துக்கொண்டு வந்தாலும் வாங்குவதில்லை.

நான் விற்கிற சக்கர் தென்னமெரிக்க ஆறுகளின் மீன். சென்னை கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் அடைத்த பையில் வருகிறது. விரல் நீளத்தில் வாங்கிப் போவார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் முழ நீளம் ஆகும். ரெண்டடித் தொட்டிக் கண்ணாடியில் இருக்கிற பாசி அதற்கு எத்தனை நாளுக்குக் காணும்? வயிறு உள்வாங்கி, கண் குழிந்து, கண்ணாடியில் ஒட்டியபடியே சாகும். ‘நல்லாத்தான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு’ என்பார்கள்.

நான் சொல்லும் வைத்தியம் எளிது. இது ராத்திரி மேயும் மீன். விளக்கை அணைத்தபின் வெள்ளரித் துண்டை ஸ்டீல் ஸ்பூனில் குத்தி இறக்குங்கள், மிதக்காது. அரைக்கீரையைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கிப் போடலாம். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் நாறும். ஸ்பைருலினா வில்லை வாரத்தில் சில நாள். சுரண்ட ஊறிய மரக்கட்டை ஒன்று. வயிறு லேசாக உருண்டிருந்தால் போதும்.

பெரிதானதும் ஏரியில் விடுகிறேன் என்கிறவர்களிடம்தான் எனக்குக் கோபம் வரும். ஜிலேபி இப்படித்தான் நாட்டு மீனின் இடத்தைப் பிடித்தது. சக்கரும் சென்னைப் பக்கத்து ஏரிகளில் ஏற்கெனவே பெருகிவிட்டது. கொண்டுவந்து என்னிடமே கொடுங்கள் என்பேன். கடைக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. சந்தையில் மிஞ்சுகிற பூசணிக்காய் அதற்குத்தான் போகிறது.