ஜோக்கை வாசித்த இன்ஸ்பெக்டர்

ஒருத்தர் சொல்லி ஊரே சிரிச்ச ஜோக்கை நீங்க திருப்பிச் சொல்லிப் பாத்திருக்கீங்களா? முக்கால்வாசி நேரம் பாதியிலயே செத்துடும். அப்படி யாரோ கெடுத்த ஜோக்குக்கு, அதோட சொந்தக்காரனை ஜெயிலுக்கு அனுப்பினா எப்படி இருக்கும்? 1964-ல் நியூயார்க்கில் கிட்டத்தட்ட அதான் நடந்துச்சு. மாட்டினவர் லென்னி ப்ரூஸ்.

நிஜப் பேரு லியனார்ட் ஆல்ஃப்ரெட் ஷ்னைடர். 1925-ல் நியூயார்க் பக்கத்துல மினியோலாவில் ஒரு யூதக் குடும்பத்துல பிறந்தவர். அம்மா சாலி மார் மேடையில நடிச்சு, ஆடி, காமெடி பண்ணினவங்க. பையன் பதினாறு வயசுல கப்பற்படைக்குப் போய் இரண்டாம் உலகப்போரைப் பாத்துட்டு வந்தான். அப்புறம் அம்மா வழியிலயே மேடை. 1951-ல் பாதிரியார் வேஷம் போட்டு, தொழுநோயாளிகளுக்கு நன்கொடைன்னு வசூல் பண்ணி மியாமியில் கைதாகி, விடுதலையும் ஆனார். ஆள் ஒண்ணும் புத்தர் இல்லை, அதை முதல்லயே சொல்லிடறேன் :-)

அந்தக் காலத்து அமெரிக்க யூத நகைச்சுவைக்காரர்கள் பலர் யூதக் குடும்பங்கள் கோடை விடுமுறைக்குப் போற மலை ஹோட்டல்கள்ல தொழில் கத்துக்கிட்டவங்க. மாமியார் ஜோக், மனைவி ஜோக், குடும்பத்தோட கேக்கலாம். ப்ரூஸ் தொழில் பழகினது லாஸ் ஏஞ்சலஸின் ஸ்ட்ரிப் கிளப்புகள்ல. அங்க வர்ற கூட்டம் இவரைப் பாக்க வரலை. யாரும் கேக்காத இடத்துல மனசுல தோணினதை எல்லாம் பேசிப் பழகலாம் இல்லையா? எழுதி மனப்பாடம் பண்ணின ஜோக் போய், ஜாஸ் வாசிக்கிறவங்க மாதிரி மேடையிலயே கட்டிக்கிட்டுப் போற பேச்சு வந்தது. மதம், நிறவெறி, செக்ஸ், போலித்தனம்னு எதையும் விடலை. நடுநடுவுல யித்திஷ் வார்த்தைகள் வேற. பெரிய நகரத்துல இருந்தா நீ கத்தோலிக்கனா இருந்தாலும் யூதன்தான், மொன்டானா பக்கம் சின்ன ஊர்ல இருந்தா யூதனா இருந்தாலும் யூதன் இல்லைன்னு ஒரு பகுதி ரொம்பப் பிரபலம். 1961 பிப்ரவரியில், பனிப்புயல் அடிச்ச ராத்திரி, நடுநிசி ஷோவுக்கு கார்னகி ஹால் நிறைஞ்சது. உச்சம்னா அதான்.

அதே வருஷம் அக்டோபர்ல சான் பிரான்சிஸ்கோவில் ஆபாசப் பேச்சுன்னு கைது. அங்க வக்கீல் அவரோட நிகழ்ச்சி டேப்பையே கோர்ட்டுல போட்டார். நீதிபதி பார்வையாளர்களைப் பாத்து, இது ஷோ இல்லை, சிரிக்கக்கூடாதுன்னு முன்கூட்டியே எச்சரிக்க வேண்டியிருந்தது. ஜூரி விடுதலை பண்ணிட்டாங்க. ஆனா அதோட நிக்கலை. லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு யித்திஷ் வசைச் சொல்லுக்காகக் கூட கைது. 1962 டிசம்பர்ல சிகாகோவில் மேடையிலேயே பிடிச்சாங்க. அடையாள அட்டை காட்ட மாட்டேன்னு சொன்ன ஒரு பார்வையாளரையும் அதே வண்டியில ஏத்தினாங்க. அவர் பேரு ஜார்ஜ் கார்லின்! பின்னாடி ஏழு கெட்ட வார்த்தைகளை வச்சே உச்சநீதிமன்றம் வரைக்கும் ஒரு வழக்குக்குக் காரணமா இருந்தவர்.

நியூயார்க்குக்கு வருவோம். 1964 மார்ச் கடைசியில கிரீனிச் வில்லேஜின் கஃபே ஓ கோ கோவுக்கு, நகர லைசென்ஸ் துறை இன்ஸ்பெக்டர் ஹெர்பர்ட் ரூஹ் போய் உக்காந்து குறிப்பு எடுத்தார். அடுத்து போலீஸ் டேப் ரிக்கார்டரை ஒளிச்சு வச்சுக்கிட்டுப் போனாங்க. ஏப்ரல்ல ப்ரூஸும் கஃபே ஓனர் ஹோவர்ட் சாலமனும் கைது. கோர்ட்டுல சாட்சிக் கூண்டுல நின்னு அந்த இன்ஸ்பெக்டர் குறிப்பைப் பாத்து ப்ரூஸோட ஜோக்குகளைச் சொன்னார். முன்னும் பின்னும் இல்லாம, தொனி இல்லாம, கெட்ட வார்த்தைகள் மட்டும் வரிசையா. நாம ப்ரோக்ராமை ஓட்டாம எர்ரர் லாகை மட்டும் க்ளையண்ட் கிட்ட படிச்சுக் காட்டற கதைதான். இந்த ஆள் என் ஷோவைக் கெடுத்து நடிக்கிறான், அதுக்கு நான் உள்ளே போகணுமான்னு ப்ரூஸ் புலம்பினார். என்னைக் கேட்டா, அவர் சொன்னதுலயே சிறந்த ஜோக் இதான்.

பாப் டிலன், ஜேம்ஸ் பால்ட்வின், வுடி ஆலன், ஆலன் கின்ஸ்பெர்க்னு பெரிய பட்டாளமே ஆதரவா கையெழுத்துப் போட்டது. மூணு நீதிபதிகள்ல ரெண்டு பேர் குற்றவாளின்னாங்க. அது நவம்பர் 4. அதே மாசம் 24-ந் தேதி இல்லினாய் உச்சநீதிமன்றம் சிகாகோ தண்டனையை ரத்து பண்ணுது! ஒரே ஆள், ஒரே மாதிரி பேச்சு, ஊருக்கு ஒரு நியாயம். டிசம்பர்ல நியூயார்க் நாலு மாசம் தண்டனை கொடுத்தது. அப்பீலுக்காக ஜாமீன்.

எனக்கு ரொம்ப உறுத்துறது இதுக்கு அப்புறம் நடந்ததுதான். வக்கீல்களை அனுப்பிட்டு ப்ரூஸ் தானே சட்டம் படிக்க ஆரம்பிச்சார். வீடு முழுக்க சட்டப் புத்தகம், டேப்பு. கேஸுக்குப் பயந்து கிளப் ஓனர்கள் கூப்பிடறதில்லை. கூப்பிட்ட கொஞ்ச இடத்துலயும் மேடையேறி கோர்ட் பதிவுகளை வாசிச்சுக் காட்டினார். சிரிக்க வந்த கூட்டம் எழுந்து போச்சு. இன்ஸ்பெக்டர் கோர்ட்டுல பண்ணினதை இவரே மேடையில பண்ணினார். போலீஸ் கேஸ் மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, போதைப் பழக்கமும் பல வருஷமா இருந்தது. ஆனா ஒரு கலைஞனைக் கைது பண்ணிக் கைது பண்ணி, அவனுக்கு கேஸைத் தவிர வேற எதுவும் பேசத் தெரியாம ஆக்கிட்டாங்க.

1965-ல் திவால். 1966 ஆகஸ்ட் 3, ஹாலிவுட் வீட்டுக் குளியலறையில மார்ஃபின் அதிகமாகி இறந்து கிடந்தார். வயசு 40. மகள் கிட்டிக்கு அப்போ பத்து வயசு.

சாலமன் வக்கீல் வச்சு அப்பீல் பண்ணினார், 1968-ல் அவர் மேல இருந்த தீர்ப்பு ரத்தாச்சு. ப்ரூஸ் தன்னோட அப்பீலை ஒழுங்கா முடிக்கவே இல்லை. அதனால அவர் பேர்ல மட்டும் குற்றவாளிங்கறது அப்படியே நின்னது. 2003 டிசம்பர் 23 அன்னைக்கு கவர்னர் ஜார்ஜ் பட்டாகி மன்னிப்பு வழங்கினார். இறந்தவருக்கு நியூயார்க் மாநிலம் மன்னிப்பு கொடுத்தது அதுதான் முதல் தடவை. கேட்டு எழுதினவங்கள்ல ராபின் வில்லியம்ஸ் மாதிரி நகைச்சுவைக்காரர்களும் இருந்தாங்க, மகள் கிட்டியும் இருந்தாங்க.