மழைக்கும் திசை பார்ப்போம்

வீடு கட்டுகிறவர்கள் வாசற்படிக்குத் திசை பார்ப்பார்கள். மழைத் தண்ணீருக்குத் திசை பார்ப்பவர்கள் குறைவு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைக் கட்டியவர்கள் இரண்டையும் பார்த்தார்கள். தாழ்வாரங்களின் ஓட்டுச் சரிவு முற்றத்தை நோக்கி இருக்கும். முதல் மழை தூசியைக் கழுவிப் போனபின் அண்டாக்களில் தண்ணீர் பிடிப்பார்கள். எஞ்சியது ஜலதாரை வழியே தெருக் கால்வாயை அடைந்து, ஊரின் நீர்நிலைகளில் சேரும். வறண்ட சீமை அல்லவா?

பிறகு மொட்டை மாடி வந்தது. குழாய்த் தண்ணீர் வந்தது. வாசல் மண்ணையும் காருக்காகச் சிமெண்டால் மூடினோம். வீட்டுக்குள் வரவேற்கப்பட்ட மழை தெருவுக்குத் துரத்தப்பட்டது. அது கொஞ்சத் தண்ணீர் அன்று; 1,000 சதுர அடி மாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2,360 லிட்டர்!

2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. குழாயைக் கிணற்றுக்குத் திருப்பியவர்கள் உண்டு. சட்டத்துக்காகக் குழி தோண்டிவிட்டு மறந்தவர்களும் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் 2019 கோடையில் அதே சென்னை, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதே!

செய்ய வேண்டியது பெரிய வித்தையன்று. மாடித் தண்ணீர், மணலும் ஜல்லியும் இட்ட தொட்டியில் வடிந்து கிணற்றுக்குப் போகட்டும். கார் நிற்கும் தரை, சுவரை விட்டு விலகிச் சரியட்டும். வண்டி எண்ணெய் கலந்த அந்தத் தண்ணீரைக் கிணற்றில் விடாமல், வாயிலருகே குறுக்குக் கால்வாயில் பிடித்துத் தனிக் குழிக்கு அனுப்பலாம். ஐப்பசிக்கு முன் இரண்டையும் தூர் வார வேண்டும்.

முற்றம் வைக்க இன்று நம் மனையில் இடமில்லாமல் இருக்கலாம். ஆனால், "இந்தத் தண்ணீர் எங்கே போகும்?" என்று வீட்டுப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்பதற்கு முற்றம் எதற்கு?