சவலை, பாலாடை, புட்டி: ஒரு கஞ்சியின் வரலாறு

எங்கள் ஊர் பண்டசோழநல்லூர். புதுச்சேரிக்குத் தென்மேற்கே, நெட்டப்பாக்கம் கொம்யூனில் இருக்கிறது. 2016 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் சின்ன மகளுக்குப் பதினோரு மாதம். ஒரு நாளைக்கு ஐந்து புட்டிப் பால். சோற்றைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். ஒன்பதாம் மாதத்திலேயே பசும்பாலுக்கு மாற்றியிருந்தோம். அது எங்கள் தவறு. பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9-க்கும் கீழே. "பாலைக் குறைங்க, சாப்பாட்டை ஏத்துங்க" என்று சொல்லி, இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். சொல்வது சுலபம்.

கஞ்சியாவது உள்ளே போகட்டும் என்று கேழ்வரகுக் கஞ்சியைத் தண்ணியாகக் காய்ச்சி, புட்டியின் ரப்பர் காம்பில் கத்திரிக்கோலால் ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கி, அதிலேயே ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நம்மில் பல வீடுகளில் நடப்பதுதான். திண்ணையில் உட்கார்ந்து இதைப் பார்த்த ஆயா (அப்பாவைப் பெற்றவர், அப்போது 85 வயது) ஒரே வரியில் முடித்துவிட்டார்: "இப்புடி ஊத்துனா அது சவலையாத்தான் போவும்."

சவலை. சின்ன வயசில் ஒல்லிப் பையன்களைத் திட்டக் கேட்ட வார்த்தை. அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அன்றிரவு ஆயா சொன்ன கதைக்குப் பிறகு, அந்த ஒரு சொல்லின் பின்னால் போக ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அங்கிருந்து வந்தது.

சவலை என்றால் என்ன?

சவலை என்பது வெறும் ஒல்லியான பிள்ளை இல்லை. தாய் அடுத்த பிள்ளையை உண்டானதால் பால் கிடைக்காமல் மெலிந்துபோன பிள்ளை. அதாவது சொல்லுக்குள்ளேயே காரணமும் இருக்கிறது. யாப்பிலும் இந்தச் சொல் உண்டு: இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாமல் குறைந்து நிற்கும் வெண்பாவைச் சவலை வெண்பா என்பார்கள். கிடைக்க வேண்டியது ஒன்று கிடைக்காமல் நலிந்தது என்ற பொருள் இரண்டிலும் ஒன்றுதான்.

இனி ஆப்பிரிக்காவுக்குப் போவோம். ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர், 1929-ல் இன்றைய கானாவான கோல்டு கோஸ்ட்டில் வேலைக்குச் சேர்ந்தார். ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் கால் வீங்கி, வயிறு உப்பி, தோல் உரிந்து, முடி நிறம் மாறிச் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர்ப் பெண்களிடம் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். கா மொழியில் அவர்கள் சொன்ன பெயர் குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்த பிள்ளைக்கு வருகிற நோய் என்று பொருள். 1933-ல் நோயைப் பற்றி எழுதினார். 1935-ல் லான்செட் இதழில் அந்தப் பெயரோடேயே எழுதினார். உலக மருத்துவப் புத்தகங்களில் அந்தப் பெயர்தான் இன்றும் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குச் சுரீர் என்றது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே விஷயத்தைக் கவனித்து, ஒரே காரணத்தைச் சொல்லிப் பெயர் வைத்திருக்கின்றன. சவலை என்பது மெலிவு, குவாஷியோர்கர் என்பது வீக்கம். அடையாளம் வேறு. ஆனால் கதை ஒன்றுதான்: தாய்ப்பால் நின்றது, அந்த இடத்தில் வந்த உணவு போதவில்லை.

பாலும் கொலையும்

சிசிலி வில்லியம்ஸ் 1936-ல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். நம் ஆட்களும் தோட்டங்களிலும் துறைமுகத்திலும் ஆயிரக்கணக்கில் இருந்த இடம். அங்கே அவர் கண்டது வேறு சிக்கல். பால் கம்பெனிகள் சர்க்கரை சேர்த்த டின் பாலைப் பச்சைக் குழந்தைக்கு ஏற்றது என்று விற்றுக்கொண்டிருந்தன. 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அவர் பேச்சுக்கு வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. தெரிந்தே இப்படிப் பிரச்சாரம் செய்து பிள்ளைகள் சாகக் காரணமாவதைக் கொலை என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். பிறகு ஜப்பானியர் ஆக்கிரமிப்பில் சாங்கி சிறையில் அடைபட்டு, உயிரோடு மீண்டு, 1948-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார்.

புட்டியின் கதை அதற்கும் பழசு. ஜெர்மனியின் பவேரியாவில் மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய குழந்தைகளின் கல்லறைகளில் மூக்கு வைத்த சின்ன மண் கிண்ணங்கள் கிடைத்தன. உள்ளே ஒட்டியிருந்த கொழுப்பைச் சோதித்து, மாடு ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளின் பால் என்று 2019-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். படத்தைப் பார்த்தால் நம்ம பாலாடைக்குப் பங்காளி மாதிரி இருக்கும்.

ரப்பர் காம்புக்கு நியூயார்க்கில் காப்புரிமை வாங்கியது 1845-ல். பிறகு ஐரோப்பாவில் நீண்ட ரப்பர் குழாய் வைத்த புட்டி பிரபலமானது. குழந்தையைக் கிடத்திவிட்டுக் குழாயை வாயில் வைத்தால் போதும், அது தானாகக் குடிக்கும், தாய் வேலையைப் பார்க்கலாம். குழாயின் உட்புறத்தைக் கழுவ வழியே இல்லை. இங்கிலாந்தில் அதற்குக் 'கொலைகாரப் புட்டி' என்றே பெயர் வந்தது. பிரான்ஸ் 1910-ல் சட்டம் போட்டுக் குழாய்ப் புட்டி விற்பனையைத் தடை செய்தது.

அதே பிரான்சில், 1894-ல் ஃபெகாம் என்ற ஊரில் லெயோன் துய்ஃபூர் என்ற டாக்டர் 'பால் துளி' என்ற பெயரில் ஓர் இடம் தொடங்கினார். தாய்ப்பால் கொடுக்க முடியாதவர்களுக்குக் காய்ச்சிச் சுத்தம் செய்த பாலை வேளைக்கு ஒன்றாகப் புட்டிகளில் அடைத்துக் கொடுப்பார்கள். வாராவாரம் குழந்தையை எடை போட்டுக் குறிப்பார்கள். நம் அங்கன்வாடியில் இன்று நடக்கிற எடை போடலுக்கு இது ஒரு மூதாதை.

ஒரு பொறியாளன் பார்வையில் பாலாடை

பொங்கல் மறுநாள் ஆயா பரணிலிருந்து வெள்ளிப் பாலாடையை எடுக்கச் சொன்னார். சில ஊர்களில் இதைச் சங்கு என்பார்கள். ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் நீண்ட மூக்கு. விளிம்பில் ஒரு நசுங்கல். நான் கீழே போட்டதாம்.

இதை டிசைனாகப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. மூடிய இடம் எதுவும் கிடையாது. விரலால் தேய்த்து வெந்நீரில் போட்டால் சுத்தம். குழந்தையின் வாயில் சொருகிவிட்டு எழுந்து போக முடியாது. மடியில் கிடத்தி, முகத்தைப் பார்த்து, விழுங்குகிறதா என்று கவனித்துத்தான் ஊற்ற வேண்டும். போதும் என்று அது வாயை மூடினால் பால் வெளியே வழியும், நமக்குத் தெரிந்துவிடும். புட்டியில் இந்தச் செய்தி வராது. 100 பச்சைக் குழந்தைகளுக்குப் புட்டி, கிண்ணம், பாலாடை மூன்றையும் ஒப்பிட்ட ஓர் இந்திய ஆய்வு 1999-ல் வந்தது. பாலாடையில்தான் குறைந்த நேரத்தில் அதிகப் பால் உள்ளே போனது, குடித்தபின் பிள்ளைகள் அமைதியாகவும் இருந்தார்கள்.

கஞ்சி எவ்வளவு கெட்டி?

சரி, விஷயத்துக்கு வருவோம். புட்டியில் கஞ்சி கொடுப்பதில் என்ன தப்பு?

ரப்பர் காம்பு வழியாக இறங்க வேண்டும் என்றால் கஞ்சி தண்ணியாக இருந்தே ஆக வேண்டும். அதாவது கஞ்சியின் கெட்டித்தன்மையைத் தீர்மானிப்பது குழந்தையின் தேவை இல்லை, காம்பின் ஓட்டை. ஒரு வயதுக் குழந்தையின் வயிறு சிறிது. அதில் 200 மில்லி தண்ணிக் கஞ்சி போனால் வயிறு நிறையும், சத்து போகாது. அடுத்த வேளைக்குப் பசியும் வராது. பாலும் அப்படித்தான். ஒரு லிட்டர் பசும்பாலில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இருக்காது. ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020 பரிந்துரை. என் மகளின் ரத்தக் கணக்கு ஏன் இறங்கியது என்பது இந்த இரண்டு எண்ணிலேயே இருக்கிறது.

இந்த அளவு விஷயத்தை இந்தியாவில் அழுத்திச் சொன்னவர் ஒரு தமிழர். சேலத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் தொடங்கி ஹைதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வகத்தில் வேலை செய்தவர். அப்போது உலகம் முழுக்கக் குவாஷியோர்கருக்குக் காரணம் புரதக் குறைவு, புரத மாவு கொடுத்தால் சரியாகும் என்ற பேச்சு. கோபாலன் குழு பிள்ளைகள் உண்மையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தது. மெலிந்த பிள்ளைக்கும் வீங்கிய பிள்ளைக்கும் உணவின் வகையில் வேறுபாடு தெரியவில்லை. வீட்டுச் சாப்பாடேதான், ஆனால் போதுமான அளவு பிள்ளை வயிற்றுக்குள் போகவில்லை. இன்றும் குவாஷியோர்கரின் முழுக் காரணம் விவாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஆயா சொன்னதும் கோபாலன் சொன்னதும் ஒரே திசையில் போவதைக் கவனியுங்கள்.

தீர்வும் நம் அடுப்படியிலேயே இருந்தது. கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்தால், முளையில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும். அதே அளவு தண்ணீரில் அதிக மாவு போட்டாலும் கஞ்சி களியாக இறுகாது. மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையமும் பரோடா பல்கலைக்கழகமும் 1980-களில் இதை முறையாக ஆராய்ந்தன. கூடவே ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ சேர்த்தால் அளவு கூடாமல் சத்து மட்டும் கூடும்.

சட்டமும் மெதுவாக வந்தது. டின் பால் கம்பெனிகளை எதிர்த்து 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு தொடங்கியது. 1981 மே மாதம் உலக சுகாதார மாநாடு விற்பனை நெறிமுறையை 118-க்கு 1 என்று நிறைவேற்றியது. எதிர்த்த அந்த ஒரு ஓட்டு அமெரிக்காவுடையது. இந்தியா 1992-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. குழந்தைப் பால் மாவுக்கு மட்டுமல்ல, பால் புட்டிக்கும் விளம்பரம் கூடாது. 2003-ல் திருத்தி, இரண்டு வயது வரைக்குமான குழந்தை உணவுகளையும் உள்ளே கொண்டுவந்தார்கள்.

ஆயா சொன்ன கதை

இனி அந்த இரவு. ஆயாவுக்கு முதலில் பிறந்தது பெண் குழந்தை, 1949 கடைசியில். 1951-ல் அப்பா. வயிற்றில் அப்பா தங்கியதுமே மூத்தவளுக்குப் பால் நிறுத்திவிட்டார்கள். உண்டானவள் பால் கொடுத்தால் ஆகாது என்று பெரியவர்கள் சொன்னார்களாம். பிறகு வடித்த கஞ்சித் தண்ணிதான். "கால்ல நீர் கோத்துகிச்சு, மொகம் உப்பிப் போச்சு, பாக்க கொழுகொழுன்னு இருக்கேன்னு நெனச்சோம்" என்றார் ஆயா. 1952-ல் அந்தப் பிள்ளை போய்விட்டது. நெட்டப்பாக்கத்தில் குபேர் இந்தியக் கொடி ஏற்றுவதற்கு இரண்டு வருஷம் முன்னால்.

எனக்கு ஓர் அத்தை இருந்ததே அன்றுதான் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. "தம்பி பொறந்தான், அக்காவை முழுங்கிட்டான்" என்று சொந்தக்காரர்கள் சொல்லிக் கேட்டே வளர்ந்திருக்கிறார். 65 வயதில் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். சிரிப்பு சரியாக வரவில்லை.

சில மாதம் கழித்து, படித்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். கானாவின் பெயர், வீக்கம், கோபாலன் எல்லாம். பிள்ளை பிறந்ததால் அல்ல, கஞ்சி போதாததால் வந்தது என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப கெட்டியா ஊட்டியிருந்தா இருந்திருப்பாளா?" என்று கேட்டார். டாக்டர் பார்க்காத ஒரு பிள்ளையைப் பற்றி அறுபது வருஷத்துக்கு மேல் கழித்து நான் எப்படி உறுதி சொல்ல முடியும்? "இருந்திருக்கலாம்பா" என்றேன்.

புட்டியை நிறுத்தியது அப்பாதான். பகல் புட்டிகளை முதலில், ஒவ்வொன்றாக. முதலில் சாப்பாடு, அப்புறம்தான் பால், அதுவும் பாலாடையில், பிறகு சின்ன டம்ளரில். தூங்கும்போது புட்டி வாயில் இருந்தால் முன்பற்கள் சொத்தையாகும் என்பதால் ராத்திரிப் புட்டியையும் விடவில்லை. அதற்குத்தான் நாள் ஆனது, ஐந்து ராத்திரி அழுகை. நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோறு பாதி தரையில், பாதி தலையில். புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி பிள்ளை சாப்பிடும் அழகைப் பாடியிருப்பதும் இந்த அலங்கோலத்தைத்தான். ஒன்றேகால் வயதில் புட்டி முழுதாக நின்றது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டியிருந்தது.

ஆயா இப்போது இல்லை. பாலாடை எங்கள் வீட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை சவலை என்று சொல்லிப் பாருங்கள். யாரைப் பற்றியாவது ஒரு கதை வரும். வந்தால் எழுதி வையுங்கள், அந்தப் பிள்ளைகளுக்கு வேறு பதிவு எதுவும் கிடையாது.