எங்கும் பாயும் மருந்தும் ஓரிடத்தில் தங்கும் மருந்தும்

பெண்கள் நீர்க்கடுப்பு என்று சொல்வது பெரும்பாலும் சிறுநீர்ப்பையில் ஏற்படும் பாக்டீரியா தொற்றுதான். பெண்ணின் சிறுநீர்த் தாரை சுமார் 4 செ.மீ. நீளமே உள்ளது, ஆசனவாய்க்கு அருகிலும் இருக்கிறது. குடலில் குடியிருக்கும் ஈ.கோலை சுலபமாக மேலேறிவிடுகிறது. பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது. இதற்கு எழுதப்படும் இரண்டு மாத்திரைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், மருந்து எதிர்ப்பு எங்கே வளர்கிறது, எங்கே வளரத் தடுமாறுகிறது என்பது தெரியும்.

ஒன்று நைட்ரோஃபியூரான்டாயின், 1953-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மற்றொன்று சிப்ரோஃப்ளாக்சசின், அதே நாட்டில் 1987-இல் அனுமதி பெற்றது. வயதில் மூத்ததுதான் இன்று வலுவாக நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு அறிக்கைகளின்படி, சிறுநீரில் கிடைக்கும் ஈ.கோலையில் பெரும்பகுதி நைட்ரோஃபியூரான்டாயினுக்கு அடங்குகிறது; சிப்ரோவுக்குப் பெரும்பகுதி அடங்குவதில்லை. இது பெரிய மருத்துவமனைகளின் கணக்கு. தெருமுனை கிளினிக்குக்கு முதல்முறையாக வரும் பெண்ணின் நிலைமை இதைவிடத் தேவலையாக இருக்கலாம். ஆனால் இரு மருந்துகளுக்கும் இடையே உள்ள தூரம் தற்செயலானதல்ல.

முதல் வேறுபாடு, உடலுக்குள் அவை போகும் வழி. சிப்ரோ ரத்தம், சிறுநீரகம், நுரையீரல், எலும்பு, குடல் என எங்கும் பரவும். டைபாய்டு முதல் வயிற்றுப்போக்கு வரை அதை எழுதித் தள்ளியது இந்தப் பரந்த வீச்சினால்தான். ஒவ்வொரு முறையும் குடலில் உள்ள ஈ.கோலையும் அந்த மருந்தைச் சந்தித்தது, தாக்குப்பிடித்தவை பெருகின. அடுத்த நீர்க்கடுப்புக்கான கிருமி புறப்படுவதும் அதே குடலிலிருந்துதான். நைட்ரோஃபியூரான்டாயின் சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் அதிகம் தங்காமல், விரைவாகச் சிறுநீரில் வந்து சேர்கிறது. பெருங்குடல் கிருமிகளுக்கு அதனுடன் பழக்கம் குறைவு.

இரண்டாவது, கொல்லும் விதம். சிப்ரோ குறிவைப்பது டி.என்.ஏ.வின் முறுக்கைக் கையாளும் இரண்டு நொதிகளை மட்டுமே. அவற்றின் மரபணுவில் சில மாற்றங்கள் படிப்படியாக ஏற்பட்டால் மருந்து தோற்றுவிடும். நைட்ரோஃபியூரான்டாயினைக் கிருமியின் சொந்த நொதிகளே நச்சாக மாற்றுகின்றன. அந்த நச்சு டி.என்.ஏ., புரதம் என ஒரே நேரத்தில் பலவற்றைச் சிதைக்கிறது. தப்ப வேண்டுமானால் கிருமி அந்த நொதிகளையே இழக்க வேண்டும். இழந்தால் அதன் வளர்ச்சி பெரும்பாலும் மந்தமாகிறது.

மூன்றாவது, உடலுக்கு வெளியே நடப்பது. ஹைதராபாத் அருகே படான்செருவில் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோ இருந்ததாக 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. மாத்திரை விழுங்கியவரின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. கோழிப் பண்ணைகளில் கொடுக்கப்படும் என்ரோஃப்ளாக்சசினும் கோழியின் உடலில் ஓரளவு சிப்ரோவாக மாறுகிறது. மாறாக, நைட்ரோஃபியூரான் வகை மருந்துகளை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்க ஐரோப்பாவும் அமெரிக்காவும் 1990-களிலேயே தடை விதித்தன. காரணம் புற்றுநோய் அச்சம். ஆனால் கிருமிகளுக்குப் பயிற்சிக்களம் குறைந்தது.

அதற்காக மூத்ததைச் சர்வரோக நிவாரணி ஆக்கிவிடக் கூடாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி இருந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அங்கே இந்த மருந்து போதாது. புரோட்டியஸ் என்ற கிருமி இயல்பிலேயே இதற்கு அடங்காது. கிளெப்சியெல்லாவும் பல நேரங்களில் அடங்காது. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்கள், பிரசவம் நெருங்கியவர்கள், ஜி6பி.டி. என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் நுரையீரலும் கல்லீரலும் பாதிக்கப்படலாம்.

சிப்ரோவின் பக்கமும் ஆபத்து உண்டு. தசைநாண் அறுதல், நரம்புப் பாதிப்பு ஆகியவற்றை முன்வைத்து, வேறு வழி இருக்கும்போது சாதாரண நீர்க்கடுப்புக்கு இதைத் தர வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-இல் அறிவுறுத்தியது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாடிக்குகளைத் தரம் பிரித்தபோது நைட்ரோஃபியூரான்டாயினை முதலில் எடுக்கத்தக்க வரிசையிலும், சிப்ரோவைக் கண்காணித்துத் தர வேண்டிய வரிசையிலும் வைத்தது.

சிப்ரோ கெட்ட மருந்தல்ல. சில்லறை நோய்களுக்கெல்லாம் செலவழிக்கப்பட்ட மருந்து. கல்ச்சர் பரிசோதனை 'இது கேட்கும்' என்று காட்டும் சிறுநீரகத் தொற்றுக்கு அதை மிச்சம் வைப்பதே முறை. சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு மூத்ததே பொருத்தம். ஆனால் அதையும் சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்கினால் சிப்ரோவுக்கு நேர்ந்த கதிதான் நேரும். போன தடவை மீந்த அட்டையை எடுக்காதீர்கள். மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: தொற்று சிறுநீர்ப்பையோடு நிற்கிறதா, சிறுநீரகம் வரை போயிருக்கிறதா? திரும்பத் திரும்ப வந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடுத்துவிடுங்கள்.