மருத்துவமனை வாசலும் மருத்துவ அறிக்கையும்: தமிழகத்தில் பிரபலங்களின் நோய்ச் செய்தி, 1967–2024

ஒரு நடிகருக்கு உடம்பு சரியில்லை என்றால் அதைத் தெரிந்துகொள்ள ரசிகருக்கு உரிமை உண்டா? நாகரிகமா அநாகரிகமா என்ற அளவிலேயே இந்தக் கேள்வி பெரும்பாலும் பேசி முடிக்கப்படுகிறது. தமிழகத்தில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. முதலில் மருத்துவமனை வாசலில் கூட்டம் கூடியது. பிறகு உள்ளேயிருந்து ஒரு தாள் வெளியே வந்தது. தாளை நம்பாத கூட்டம் படம் கேட்டது. படம் வந்ததும் அது எப்போது எடுத்த படம் என்று கேட்டது. இந்த வளர்ச்சியைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. நோய்ச் செய்தி ரசிகர் கேட்டதால் வெளிவந்ததைவிட, ரசிகரின் தயவு தேவைப்பட்டவர்கள் தந்ததால் வெளிவந்ததே அதிகம். நோயாளியின் விருப்பம் என்ன என்பது இந்தக் கொடுக்கல் வாங்கலில் கடைசியாகக் கேட்கப்பட்டது. பல நேரங்களில் கேட்கப்படவே இல்லை.

தொடக்கப்புள்ளியாக 1967 ஜனவரி 12-ஐக் கொள்ளலாம். அன்று ராமாவரம் தோட்டத்து வீட்டில் நடிகர் எம்.ஜி.ஆரைச் சக நடிகர் எம்.ஆர். ராதா சுட்டார். ராயப்பேட்டை மருத்துவமனைக்கும் அங்கிருந்து சென்னைப் பொது மருத்துவமனைக்கும் எம்.ஜி.ஆர். கொண்டுசெல்லப்பட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்திருந்தது. அடுத்த மாதம் பொதுத்தேர்தல். பரங்கிமலைத் தொகுதியில் தி.மு.க. வேட்பாளர் அவர். மேடையேற முடியாத வேட்பாளருக்காக ஒரு புகைப்படம் ஊர் ஊராகப் போயிற்று. கழுத்தைச் சுற்றிப் பெரிய கட்டு, கூப்பிய கைகள், கேமராவை நேராகப் பார்க்கும் கண்கள். சுவரொட்டியான அந்தப் படம் பரங்கிமலையைத் தாண்டியும் வாக்குச் சேகரித்தது. அவர் வென்றார், கட்சி ஆட்சியைப் பிடித்தது. காயம்பட்ட உடல் பிரசாரக் கருவியாக முடியும் என்பதைத் தமிழக அரசியல் கண்டுகொண்டது அப்போதுதான். அதில் எம்.ஜி.ஆருக்கு மறுப்பு இருந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை. கும்பிட்டுக்கொண்டிருப்பவர் அவரேதான்.

இரண்டே ஆண்டுகளில் வேறொரு வகை நோய்ச் செய்தி வந்தது. முதல்வர் அண்ணா 1968 செப்டம்பரில் அறுவை சிகிச்சைக்காக நியூயார்க் சென்றார். நவம்பரில் திரும்பினார், மெலிந்த உடலோடு 1969 ஜனவரியில் மாநிலப் பெயர்மாற்ற விழாவில் கலந்துகொண்டார், பிப்ரவரி 3-ம் தேதி மறைந்தார். அவர் முதல்வர் என்பதால் அவர் உடல்நிலை அரசின் செய்தியாகவும் இருந்தது. ஆளுகிறவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கிறாரா என்பது குடிமக்கள் கேட்கக்கூடிய கேள்வி. தலைவர் வலியில் துடிக்கிறாரா என்பது தொண்டரின் கேள்வி. இரண்டும் ஒரே வாசலில் நின்றதால் ஒன்றாகத் தெரிந்தன. இந்தக் குழப்பம் இன்றுவரை தீரவில்லை.

அது முற்றியது 1984-ல். முதல்வர் எம்.ஜி.ஆர். அக்டோபர் 5-ம் தேதி, திறந்து ஓராண்டே ஆகியிருந்த சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகக் கோளாறு, சில நாட்களில் பக்கவாதமும் சேர்ந்துகொண்டது. சுகாதார அமைச்சராக இருந்த எச்.வி. ஹண்டேயே ஒரு மருத்துவர் என்பதால், அரசின் பேச்சும் மருத்துவத்தின் பேச்சும் ஒரே வாயிலிருந்து வந்தன. வெளியே மாநிலம் முழுக்கப் பிரார்த்தனை. மண்சோறு தின்றவர்கள், மொட்டை போட்டவர்கள், தீக்குளித்தவர்கள் என்று பத்திரிகைகளில் நாள்தோறும் செய்தி. ‘ஒளிவிளக்கு’ படத்தில் உயிருக்குப் போராடும் எம்.ஜி.ஆருக்காகச் சௌகார் ஜானகி வேண்டிப் பாடும் பாட்டு, திரையரங்குகளில் படம் தொடங்கும் முன் ஒலித்தது. பதினாறு ஆண்டு பழைய சினிமாப் பாட்டு ஒரு முதல்வரின் நோய்க்கு வழிபாட்டுப் பாடலானது. ரசிகர் வேறு, குடிமகன் வேறு என்று பிரிக்க நினைக்கும் ஆய்வாளர் திகைத்து நிற்கும் இடம் இது.

நவம்பர் 5-ம் தேதி அவர் நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். டிசம்பர் 19-ம் தேதி சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை. அண்ணன் மகள் சிறுநீரகம் தந்தார். டிசம்பர் 24-ம் தேதி வாக்குப்பதிவு. ஆண்டிபட்டி வேட்பாளரான எம்.ஜி.ஆர். ஊரில் இல்லை; உயிரோடுதான் இருக்கிறாரா என்ற பேச்சு டீக்கடைவரை வந்துவிட்டது. அதற்குக் கட்சி தந்த பதில் எழுத்தில் இல்லை, வீடியோவில் இருந்தது. மருத்துவமனையில் அவர் சாப்பிடுவதும் பத்திரிகை பார்ப்பதும் பதிவாகித் தமிழகம் வந்து, தெருத் தெருவாகத் திரையிடப்பட்டன. அ.தி.மு.க. வென்றது. 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து மறுபடி முதல்வராகப் பொறுப்பேற்றார்.

அந்த வீடியோவை ரசிகர் மீதான கருணை என்று வாசிப்பவர்கள் உண்டு. அப்படியானால் அது அக்டோபரிலேயே வந்திருக்க வேண்டும். தீக்குளிப்புகள் தொடங்கியது அப்போதுதானே? வந்தது தேர்தலுக்கு. பேச்சு பாதிக்கப்பட்ட ஒருவர், தன்னை வாழ்நாளெல்லாம் ஒப்பனையோடு மட்டுமே காட்டிக்கொண்ட ஒருவர், மருத்துவமனை உடையில் ஊர் ஊராகக் காட்டப்படச் சம்மதித்தாரா, சம்மதிக்கும் நிலையில் இருந்தாரா என்பதை அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சட்டம் தனியுரிமையின் பக்கம் திரும்பியது மெதுவாகத்தான். 1994-ல் மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாறு தொடர்பாக ‘நக்கீரன்’ ஆசிரியர் தொடுத்த ராஜகோபால் வழக்கில், தனித்து விடப்படும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று உச்சநீதிமன்றம் சொன்னது. பொதுப் பதவியில் இருப்பவர் தம் பதவிக் கடமை சார்ந்த செயல்களுக்கு அந்தத் திரையைப் பயன்படுத்த முடியாது என்ற விலக்கையும் சேர்த்தது. 2002-ன் மருத்துவ நெறிமுறை விதிகள், நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது என்கின்றன. நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு. ரசிகரின் கவலை இந்த மூன்றில் எதிலும் அடங்காது. 2017-ல் புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றார்கள்.

இந்தச் சட்டமெல்லாம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை 2016 காட்டியது. முதல்வர் ஜெயலலிதா செப்டம்பர் 22-ம் தேதி இரவு அப்போலோவில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்றது முதல் அறிக்கை. வழக்கமான உணவு உண்கிறார் என்றும் சொல்லப்பட்டது. காவிரிப் பிரச்சினை பற்றி மருத்துவமனையிலேயே அதிகாரிகளோடு ஆலோசனை நடத்தினார் என்று 27-ம் தேதி அரசுக் குறிப்பு சொன்னது. பிறகு வந்த அறிக்கைகளில் நோய்த்தொற்று, சுவாச உதவி, லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பீல், எய்ம்ஸ் குழு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒரு படம்கூட வரவில்லை. வதந்தி பரப்பியதாகச் சமூக ஊடகத்தில் எழுதியவர்கள் சிலர் கைதானார்கள். உடல்நிலை விவரம் கேட்டுச் சமூக ஆர்வலர் டிராஃபிக் ராமசாமி போட்ட மனுவைச் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அக்டோபர் 11-ம் தேதி முதல்வரின் துறைகள் ஓ. பன்னீர்செல்வத்துக்கு மாற்றப்பட்டபோது, முதல்வரின் ஆலோசனைப்படியே மாற்றம் என்றது ஆளுநர் மாளிகை அறிவிப்பு. இடைத்தேர்தல் வேட்பாளருக்கான படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு இருந்தது.

எழுபத்தைந்தாம் நாள், டிசம்பர் 5-ம் தேதி இரவு அவர் இறந்தார். 2017 செப்டம்பரில் மதுரைக் கூட்டமொன்றில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன், அம்மா இட்லி சாப்பிட்டார், சட்னி சாப்பிட்டார் என்று நாங்கள் சொன்னதெல்லாம் பொய், மன்னித்துவிடுங்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டார். மருத்துவ அறிக்கையின் வரலாற்றில் இதைவிட முக்கியமான ஆவணம் தமிழில் இல்லை என்பது என் கருத்து. ஒரு அமைச்சர் மைக் முன்னால் நின்று ஒப்புக்கொண்டது மறைத்ததை அல்ல, இட்டுக்கட்டியதை.

இங்கே ஒரு கோடு கிழிக்கலாம். ஜெயலலிதா தன் நோயை வெளியே சொல்ல விரும்பாதவர் என்றே வைத்துக்கொள்வோம். அவரைப் பற்றித் தெரிந்த எவரும் அதை மறுக்க மாட்டார்கள். ஒரு நடிகையாக, ஒரு தனிமனுஷியாக, வாயே திறக்காமல் இருக்க அவருக்கு முழு உரிமை இருந்தது. முதல்வராக, கோப்பு யார் கையில் இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் மறைக்க உரிமை இல்லை. நோயின் பெயர், படுக்கைப் படம், உணவுப் பட்டியல் எதுவும் அதற்குத் தேவையில்லை. நடந்ததோ தலைகீழ். சொல்ல வேண்டிய நிர்வாக உண்மை மூடப்பட்டது. சொல்லத் தேவையில்லாத இட்லி ஊரறிய விநியோகிக்கப்பட்டது. மௌனத்துக்கு நோயாளியின் தனியுரிமையைச் சாக்காகச் சொல்லலாம். இட்லிக்கு எதைச் சொல்வது?

படம் கடைசியில் வந்தே விட்டது. 2017 டிசம்பர் 20-ம் தேதி, ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், அ.தி.மு.க.விலிருந்து பிரிந்த தினகரன் அணியின் வெற்றிவேல் ஒரு வீடியோவை வெளியிட்டார். கட்டிலில் சாய்ந்தபடி ஜெயலலிதா பழச்சாறு குடிக்கிறார். புரூக்ளின் வீடியோவுக்கும் இதற்கும் முப்பத்து மூன்று ஆண்டு இடைவெளி. நோக்கமும் நேரமும் ஒன்றேதான். எம்.ஜி.ஆருக்காவது மறுக்க உயிர் இருந்தது. நோயாளியைப் படமெடுத்து வெளியிடுவது அத்துமீறல் என்ற பொருளில் ரிச்சர்ட் பீல் அந்த ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் பேசியிருந்தார். 2021-ல் ஜெயலலிதாவின் வாழ்க்கையைச் சொல்லும் ‘தலைவி’ படம் தொடர்பான வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், ஒருவரின் தனியுரிமை அவரோடு முடிந்துவிடும், வாரிசுக்குச் சொத்தாகப் போகாது என்று தீர்ப்பளித்தது. இறந்தவரின் படுக்கை அதன்பின் யாருக்கும் திறந்த வீடுதான்.

பதவியே இல்லாத கலைஞர்களின் நிலை வேறு. 2011-ல் ‘ராணா’ படத்தொடக்க நாளிலேயே ரஜினிகாந்த் நோய்வாய்ப்பட்டு, மயிலாப்பூரிலும் போரூரிலும் சிகிச்சை பெற்று, மே மாத இறுதியில் சிங்கப்பூர் சென்றார். அதற்கு முன் தன் குரலிலேயே ரசிகர்களுக்கு ஓர் ஒலிப்பதிவு தந்தார். மூச்சு வாங்கும் குரல், நடுவே அவருக்கே உரிய சிரிப்பு. நோய் விவரம் அதில் ஏறக்குறைய இல்லை. இருக்கிறேன், வருவேன் என்பது மட்டும் இருந்தது. ரசிகருக்கு அது போதுமானதாகவும் இருந்தது. பிறகு செய்துகொண்ட சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை பற்றிய உண்மை பல ஆண்டு அவரிடமே இருந்தது. 2020 அக்டோபரில் அவர் பெயரில் ஒரு கடிதம் சமூக ஊடகங்களில் சுற்றியபோது, கடிதம் என்னுடையதல்ல, உடல்நிலை பற்றிய தகவல் உண்மை என்றார். கசிந்த ஒன்று அவரைப் பேசவைத்தது. டிசம்பரில் ஐதராபாத் அப்போலோவின் அறிக்கை மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்பதை வெளிப்படையாகக் குறிப்பிட்டது. இரண்டு நாளில், தொடங்குவதாகச் சொல்லியிருந்த கட்சியைத் தொடங்கப்போவதில்லை என்று அறிவித்தார். தேர்தலில் நிற்பதாகச் சொல்லிவிட்டவர் உடல்நிலையைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற வாதம் அங்கே ஓரளவு எடுபடும். நடிகராக மட்டும் இருந்திருந்தால் எடுபடாது.

அதே ஆண்டில் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். ஆகஸ்ட் 5-ம் தேதி அவரே வீடியோவில் தோன்றி, லேசான கொரோனா தொற்று, மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறேன், நலம் கேட்டு யாரும் போன் செய்ய வேண்டாம் என்றார். ஒருவர் தன் நோயை எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரு வாரத்துக்குப் பின் நிலைமை மோசமானது. செயற்கைச் சுவாசம், எக்மோ என்ற சொற்கள் வீட்டுப் பேச்சாயின. ஆகஸ்ட் 20-ம் தேதி மாலை ஆறு மணிக்கு அவர் பாடல்களை ஒலிக்கவிட்டுக் கூட்டுப் பிரார்த்தனை நடந்தது. அப்பா பேசிய இடத்தில் இப்போது மகன் சரண் பேச வேண்டியிருந்தது. டென்னிஸ் பார்க்கிறார், பெற்றோரின் திருமண நாளை மருத்துவமனையில் கொண்டாடினோம் என்பதுவரை சொன்னார். தொற்று நீங்கிவிட்டதாக இடையில் யாரோ கிளப்பிவிட்டதை அவரே மறுக்க நேர்ந்தது. செப்டம்பர் 25-ம் தேதி மரணம். அதன்பிறகும் விடவில்லை, மருத்துவமனைக் கட்டணம் பற்றிய புரளிக்குப் பதில் சொல்ல, துக்கம் ஆறும் முன்பே மகன் பத்திரிகையாளர் முன் உட்கார்ந்தார். சரண் உண்மையைச் சொன்னார், ரசிகரை மதித்தார், யாரிடமும் எதையும் விற்கவில்லை. ஆனால் ஒருநாள் வீடியோ வராவிட்டால் மறுநாள் வதந்தி வரும் என்ற நிலையில், தாமாக முன்வந்து தொடங்கியது கடனாக மாறிவிட்டது. அன்பு மிகுந்த ரசிகர்களாலும் இது நேரும் என்பதை எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா கதைகள் மட்டும் படித்தால் புரிந்துகொள்ள முடியாது. அங்கே குற்றம் சுமத்த ஒரு கட்சி இருந்தது. இங்கே யாரும் இல்லை.

2024 செப்டம்பர் 30-ம் தேதி ரஜினிகாந்த் சென்னை அப்போலோவில் சேர்ந்தார். மறுநாள் வந்த அறிக்கை, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில் வீக்கம், அறுவை சிகிச்சை இல்லாமல் குழாய் வழியே ஸ்டென்ட் பொருத்தப்பட்டது, இரண்டு நாளில் வீடு திரும்புவார் என்று விளக்கியது. சிகிச்சை திட்டமிட்டபடி முடிந்தது என்பதை அவருடைய நலம்விரும்பிகளுக்கும் ரசிகர்களுக்கும் தெரிவிப்பதாக அதில் ஒரு வாக்கியம் இருந்தது. அரசுக்கும் பத்திரிகைக்கும் எழுதப்பட்டுவந்த மருத்துவ அறிக்கை ரசிகர் என்று பெயர் சொல்லியே அழைக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது. மருத்துவ விதிகளின் மூன்று விலக்குகளோடு நான்காவதாக அவரை இன்னும் யாரும் சேர்க்கவில்லை. நோயாளியின் சம்மதம் ஒன்றுதான் அந்த வாக்கியத்துக்கு இருக்கக்கூடிய ஒரே ஆதாரம். அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும், அவர் சுயநினைவில் இல்லாதபோது யார் தருவது, எந்த விவரத்துக்குத் தருவது என்று அறிக்கை வெளியிடும் மருத்துவமனைகளைக் கட்டுப்படுத்தும் தனி விதி எதுவும் 2002-ன் நெறிமுறைகளில் இல்லை.