ஒட்டாத விரிப்பும் ஒட்டிய கம்பளமும்

எந்தத் தறியும் அறையை அளந்துகொண்டு நெய்வதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பிரஸ்ஸல்ஸ், வில்டன் என்ற பெயர்களில் விற்ற கம்பளங்கள் பெரும்பாலும் 27 அங்குல அகலத்தில்தான் தறியிலிருந்து இறங்கின. 15 அடி அகலமுள்ள ஒரு கூடத்தை மூட அப்படிப்பட்ட ஏழு பட்டைகள் வேண்டும். பட்டைகளைக் குப்புறப் போட்டு, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மெழுகு ஏற்றிய லினன் நூலால் கையால் தைத்தார்கள். பூவேலைப்பாடு இருந்தால் ஒரு பட்டையில் பாதியாக நிற்கும் இதழ் அடுத்த பட்டையில் வழுவாமல் முடிய வேண்டும். அதற்காக வெட்டி வீணாக்கும் துணியையும் விலையில் சேர்த்தார்கள். சுவருக்குச் சுவர் கம்பளம் விரித்த ஊர்களில் இணைப்பு என்பது தனித்தொழிலாக வளர்ந்தது இப்படித்தான். கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்துக்கு அந்தத் தொழில் மிகத் தாமதமாகவே வந்தது. வசதி போதாததாலோ நாகரிகம் பிந்தி வந்ததாலோ இப்படி ஆயிற்று என்று எண்ணுவது எளிது. நான் அப்படிக் கருதவில்லை. இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்களுக்கு விரிப்பை இணைக்கும் நுட்பம் நன்றாகவே தெரியும். தரையோடு ஒட்டிக்கொள்ளும் விரிப்பை அவர்கள் ஏற்கவில்லை என்பதே என் வாதம். எடுத்து உதற, கழுவ, வெயிலில் காயப்போட முடியாத விரிப்பு இந்த மண்ணில் நிலைக்காது. குளிர்சாதனம் வந்த பிறகே அந்தக் கணக்கு மாறியது.

மலாய்க்காரர்களின் மெங்குவாங் பாயை எடுத்துக்கொள்வோம். தாழை இனத்துச் செடியின் நீண்ட இலையில் முள்ளை நீக்கி, ஒரே அகல நாராகக் கீறி, ஊறவைத்து, காயவைத்து, சாயம் ஏற்றிப் பின்னுவார்கள். இதற்குத் தறி கிடையாது. நார்கள் சாய்வாகக் குறுக்கும் மறுக்கும் போகும். ஒரு நார் தீரும் இடத்தில் புதிய நாரின் நுனியை அதன் மேல் படியவைத்து, அடுத்த இரண்டு மூன்று பின்னலுக்குள் இரண்டையும் சேர்த்தே ஓட்டிவிடுவார்கள். இணைப்பு பின்னலுக்குள்ளேயே மறைந்துவிடும். கூடம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய பாயைப் பின்னலாம். ஆனாலும் பின்னி முடித்த பாயைச் சுருட்டி மூலையில் சாத்தத்தான் செய்தார்கள். தமிழர்கள் பழகிய கோரைப்பாயின் கதை வேறு. பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையைப் பாவு நூலுக்குக் குறுக்கே ஊடாகச் செலுத்தி நெய்வதால், கோரையின் நீளமே பாயின் அகலத்துக்கு எல்லை வகுத்துவிடும். பவானி ஜமுக்காளத்துக்குத் தறியும் நெசவாளரின் கையெட்டும்தான் எல்லை. எனவே கல்யாணப் பந்தலில் இருநூறு பேரை உட்கார வைக்க நம்மவர்கள் கண்ட வழி, ஒன்றின் ஓரத்தை மற்றொன்றின் மேல் நான்கு விரல் ஏற்றிப் போடுவது. தையலும் பசையும் தேவையில்லை. பந்தி முடிந்ததும் ஆளுக்கு ஓர் ஓரம் பிடித்து உதறி மடித்தால் தரை கழுவத் தயாராகிவிடும். இது பக்குவமற்ற வேலை என்று தோன்றலாம். ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும், காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும் ஊரில் இதைவிடப் பொருத்தமான இணைப்பு எது என்பதைக் கேட்டுப்பார்க்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலிலும் கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலிலும் அபிஷேக நீரும் எண்ணெய்ப் பிசுக்கும் நாள் தவறாமல் கழுவப்படுகின்றன. அங்கே நிரந்தர விரிப்புக்கு இடமே இல்லை.

இந்த வரலாற்றில் யாரும் அதிகம் பேசாத ஒரு திருப்பம் உண்டு. கம்பளத்தை ஒட்டாத இந்தப் பள்ளத்தாக்குதான், கம்பளத்தை ஒட்டும் பசையை உலகத்துக்கு அனுப்பிய நிலங்களில் ஒன்று. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் குளிர்நாட்டுக் கம்பளக்காரர்கள் வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாமலிருக்கப் பூசியதும், இணைப்பின் அடியில் துணிநாடாவை ஒட்டப் பயன்படுத்தியதும் இயற்கை ரப்பர் பால்தான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டால்ட்டன் நகரைச் சுற்றி எந்திரத்தில் இழை குத்தும் கம்பளத் தொழில் எழுந்தபோதும், குத்திய இழை உருவிக்கொண்டு வராமல் பிடிக்க முதுகில் பூசியது ரப்பர் பால். செயற்கை ரப்பர் அந்த இடத்தைப் பிடித்தது பிறகுதான். கிள்ளான், காப்பார், சுங்கை பூலோ பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் மரம் சீவி, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். ஷீட்டாக்க வேண்டிய பாலுக்கு அமிலம் ஊற்றி உறையவைப்பார்கள். பாலாகவே கப்பலேற வேண்டுமென்றால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்த்து, எந்திரத்தில் சுழற்றி, ரப்பர் 60 விழுக்காடு இருக்கும்படி கெட்டியாக்குவார்கள். பாலை எப்படிக் காப்பது, எப்படிக் கெட்டியாக்குவது என்பதையெல்லாம் ஆராய்ந்தது 1925-இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம். அதன் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில் இருந்தது. லண்டனில் ஒரு கம்பளத் தொழிலாளி ரப்பர் பால் டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைத்த அம்மோனியா நெடியும் தோட்டத்து ஸ்டோரில் கண்ணை எரித்த நெடியும் ஒன்றே. அந்தப் பாலை இறக்கிய குடும்பங்கள் லயத்து வீட்டுச் சிமெண்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தன. கூலி குறைவு என்பது இதில் மறுக்க முடியாத பாதி. கம்பளம் இலவசமாகவே கிடைத்திருந்தாலும் அந்தத் தரையில் அதை ஒட்டியிருக்க மாட்டார்கள் என்பது மறுபாதி.

கம்பளத்தை இணைக்கும் முறையே இதற்கிடையில் தலைகீழாக மாறிவிட்டது. எந்திரக் கம்பளம் 12 அடி அகலத்தில் சுருளாக வரத் தொடங்கியதும் ஏழு பட்டைக்குப் பதில் இரண்டு பட்டை போதுமென்றாயிற்று. 1960-களில் சூடானால் உருகும் பசைநாடா வந்து ஊசியை ஓரங்கட்டியது. மணிக்கணக்கில் தைத்த வேலை நிமிடக் கணக்குக்கு இறங்கியது. இதனால் திறமைக்கு வேலை போய்விட்டது என்று சொல்வது சரியல்ல. திறமை இடம் மாறியது. இரண்டு துண்டிலும் இழை ஒரே திசையில் சாய வேண்டும். ஒன்று மாறிப்போனாலும் ஒரே சாயத் தொட்டியிலிருந்து வந்த கம்பளம் இரண்டு நிறமாகத் தெரியும். வெட்டும்போது கத்தி இழை வரிசைகளுக்கு நடுவே ஓட வேண்டும், இழையைக் கடிக்கக் கூடாது. வெட்டிய ஓரத்துக்குப் பசை பூசி அடைக்க வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால் ஆறு மாதத்தில் ஓரம் பிசிறிவிடும். பிறகு நாடாவைத் தரையில் நீட்டி, அதன்மேல் மின்சார இஸ்திரிப் பெட்டியை வைத்து, இரண்டு ஓரங்களும் பெட்டியின் முதுகில் படிய, அங்குலம் அங்குலமாக நகர்த்துவார்கள். பெட்டி கடந்த இடத்தில் பசை திரவமாக மின்னும். அது இறுகுமுன் இரண்டு ஓரங்களையும் விரலால் நெருக்கி, உருளையால் அழுத்தி, மேலே பலகையோ பாரமோ வைத்து ஆறவிட வேண்டும். சூடு கூடினால் செயற்கை அடித்துணி உருகி மேற்பரப்பில் கோடு விழும். குறைந்தால் பசை பிடிக்காது. ஜன்னல் வெளிச்சம் ஜாயின்ட்டின் நீளவாக்கில் விழும்படி பட்டைகளைப் போட வேண்டும். குறுக்கே விழுந்தால் எத்தனை நுட்பமான ஜாயின்ட்டும் நிழல் காட்டிவிடும்.

இத்தனை நுணுக்கத்துக்கும் எதிரி ஈரம். செயற்கை அடித்துணி பரவுமுன் கம்பளத்தின் அடித்துணி பெரும்பாலும் சணல். சணல் நனைந்தால் சுருங்கும். சுருங்கும் கம்பளத்தைச் சுவரோரத்து ஆணிப்பட்டை ஒரு பக்கம் இறுக்கிப் பிடித்திருக்க, பலவீனமான இடம் வாய்பிளக்கும். அந்த இடம் இணைப்புதான். ஈரமே இல்லாவிட்டாலும் கம்பளத்தை இழுத்து மாட்டும்போது இழுவிசை மேலடுக்கில் ஓடுகிறது, பிடித்திருக்கும் நாடாவோ கீழே கிடக்கிறது. அதனால் இணைப்பு மேடாக எழும்பப் பார்க்கிறது. ஜன்னல் திறந்திருக்கும் கோலாலம்பூர் வீட்டில் இதோடு பூசணமும் சேரும். குளிர்சாதனம் ஈரத்தை உறிஞ்சி, ஜன்னலையும் மூட வைத்த பிறகே ஒட்டிய கம்பளத்துக்கு இங்கே ஆயுள் கிடைத்தது. சுதந்திரத்தை ஒட்டி 1957-இல் திறந்த ஃபெடரல் ஹோட்டல், 1973-இல் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் வந்த ஹில்டன், 1984-இல் எழுந்த டாயாபூமி, 1990-களின் இறுதியில் முடிந்த பெட்ரோனாஸ் கோபுரங்கள் என்று நகரம் மூடிய அறைகளுக்குள் குடிபுகுந்த வேகத்தையும், கம்பளத் தொழிலாளிக்கு இங்கே வேலை பெருகிய வேகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரலாம். முதலாவது, காரணம் ஈரமல்ல, காசு என்பது. அப்படியானால் காசுள்ளவர்கள் ஒட்டிய கம்பளம் போட்டிருக்க வேண்டும். ஈயத்திலும் ரப்பரிலும் பெரும் செல்வம் சேர்ந்த காலத்தில் இந்த ஊர்ப் பணக்காரர்கள் தரைக்குச் செலவழிக்கத் தயங்கவில்லை. அந்தச் செலவு வண்ண ஓட்டுக்கும் பளிங்குக்கும் போயிற்று. கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில்கூடச் சித்திர ஓடுகளைப் பதித்தார்கள். குளிர்ந்த, கழுவக்கூடிய தரையைத்தான் பணம் தேடிப்போனது. இரண்டாவது மறுப்பு கனமானது: பள்ளிவாசல்கள். 1909-இல் ஹப்பாக்கின் வடிவமைப்பில் எழுந்த மஸ்ஜித் ஜாமேக்கும், 1965-இல் திறந்த தேசியப் பள்ளிவாசலும் காற்று தாராளமாக உள்ளே வரும் கட்டடங்கள். 1863-இல் தொடங்கி இன்றும் தமிழ் முஸ்லிம்களின் மையமாக விளங்கும் மஸ்ஜித் இந்தியாவையும் சேர்த்துக்கொள்ளலாம். குளிர்சாதனத்தை நம்பாத கூடங்களிலும் கம்பளம் விரிகிறதே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் பள்ளிவாசல் கம்பளம் ஹோட்டல் கம்பளம் போன்றதல்ல. அது பெரும்பாலும் ஒரு தொழுகை வரிசைக்கு ஒரு சுருள் என்ற கணக்கில், சுமார் 1.2 மீட்டர் அகலத்தில் வருகிறது. வரிசைக் கோடும் சுருளின் ஓரமும் அருகருகே ஓடுவதால் இணைப்பை மறைக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. அந்த ஓரம் தொழுவோரை நேராக நிற்க வைக்கிறது. கடினமான வேலை வேறிடத்தில் இருக்கிறது. தொழும் திசையான கிப்லா கோலாலம்பூரில் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கிறது. அதை எண்ணாமல் கட்டிய அலுவலகத்திலோ கடைத்தொகுதியிலோ சூராவ் என்னும் சிறு தொழுகைக்கூடம் ஒன்றை அமைத்தால், சுருள்கள் சுவருக்குச் சாய்வாக ஓடி, ஒவ்வொன்றும் வெவ்வேறு நீளத்தில் சரிந்த வெட்டோடு முடியும். அதைக் கச்சிதமாக வெட்டுபவர்தான் அங்கே கைதேர்ந்தவர். சும்மா விரித்த சுருளை வேண்டும்போது எடுத்து வெயிலில் போடலாம். ஆக, பள்ளிவாசல் என் வாதத்தை உடைக்கவில்லை. எடுக்கக்கூடிய விரிப்பு என்ற பழைய கொள்கை புதிய பொருளில் தொடர்வதையே காட்டுகிறது.

ஒட்டிய கம்பளத்தை விரித்தவர்களின் உடம்பு கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். கம்பளத்தைச் சுவர்ப்பக்கம் இழுத்து மாட்ட, முன்முனையில் பற்களும் பின்முனையில் மெத்தையும் உள்ள ஒரு கருவியை முழங்காலால் இடித்துத் தள்ளுவார்கள். அமெரிக்கத் தேசியத் தொழில்பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1990-இல் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, அந்நாட்டுத் தொழிலாளர்களில் கம்பளம் விரிப்பவர்கள் 0.06 விழுக்காட்டுக்கும் குறைவு. முழங்கால் காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளிலோ அவர்களுடைய பங்கு 6.2 விழுக்காடு. அதே கருவியை அதே முழங்காலால் இடிப்பவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் தினக்கூலிக்கோ துணைக்குத்தகைக்கோ வேலை செய்பவர்கள். ஒரு ஹோட்டல் கூடத்தின் அழகைப் பாராட்டும்போது கட்டடக் கலைஞரின் பெயரைச் சொல்கிறோம். பத்தாயிரம் சதுர அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஜாயின்ட்டைப் போட்டவரை யாரும் கேட்பதில்லை. அந்த வேலையை நகரத்தின் கைத்தொழில்களில் ஒன்றாக எண்ணிப் பதிவு செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அந்தத் தொழிலின் காலமும் இப்போது சுருங்கி வருகிறது. அலுவலகங்களில் 50 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகள் சுருளின் இடத்தைப் பிடித்துவிட்டன. ஒரு துண்டில் காப்பி கொட்டினால் அதை மட்டும் பெயர்த்து மாற்றலாம். பல நேரம் அடுத்தடுத்த துண்டுகளின் இழைத் திசையை வேண்டுமென்றே கால்வட்டம் திருப்பிப் போட்டு இணைப்பை ஒளிக்காமல் காட்டுகிறார்கள். இஸ்திரிப் பெட்டிக்கு அங்கே வேலையில்லை. டேவான் எனப்படும் கல்யாண மண்டபங்களில் மணமேடை வரை நீளும் சிவப்பு விரிப்பு மெல்லிய ஃபெல்ட். இருபக்கப் பசை டேப்பால் ஒட்டி, விருந்து முடிந்த இரவே கிழித்துச் சுருட்டிவிடுகிறார்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வீடுகளுக்குள் வெள்ளம் ஆளுயரத்துக்கு ஏறியது போன்ற நிலையில், தரையோடு ஒட்டிய கம்பளத்துக்குக் கதி குப்பை லோரிதான்: சேற்றுநீர் குடித்த அடித்துணியை ஒட்டிய இடத்திலேயே உலர்த்த வழியில்லை, பெயர்த்தால் இணைப்போடு கிழியும். ஓட்டுத் தரைக்கோ குழாய்த் தண்ணீரும் விளக்குமாறும் போதும். ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் வீடு கட்டித் தருபவர்கள் கூடத்தில் ஓடே பதிப்பதற்கு வாங்குபவரின் விருப்பம் ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்கு இன்னொரு காரணம்.