அறுகும் கிகுயுவும்

அறுகுபோல் வேரூன்றி வாழ்க என்று மணமக்களை வாழ்த்துகிறோம். அது சமவெளியில் பிறந்த வாழ்த்து. சுமார் 1,870 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அறுகுக்கு அந்த வீரியம் இல்லை. தை பிறக்கும் நாட்களில் அங்கே விடியற்காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படியும். சாணிப் பிள்ளையாருக்குச் செருக நாலு இணுக்கு அறுகு தேடினால், கோயில் படியோரம் வெயில் விழும் பக்கத்தில் மட்டும் கிடைக்கும். அதுவும் நுனி கருகியிருக்கும்.

அதே படிக்குக் கீழே கிகுயு பாய் விரித்ததுபோல் கிடக்கும். கென்யாவில் கிகுயு மக்கள் வாழும் மேட்டு நிலத்துப் புல் அது. பனி மேல் இலையைச் சுட்டாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டு சாவதில்லை. வெயில் ஏறியதும் கணுவுக்குக் கணு துளிர்க்கும்.

இரண்டுமே வெப்பப் பருவப் புற்கள்தான். ஆனால் அறுகு 25 பாகைக்கு மேல்தான் துள்ளி வளரும். 15க்குக் கீழே போனால் ஏறக்குறைய நின்றுவிடும். கிகுயுவோ 16 முதல் 21 வரையிலேயே செழிக்கும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி 16ஐ ஒட்டியது. 1,270 மீட்டரிலுள்ள ஹட்டனில் குளிர் அவ்வளவு இல்லை. ஆனாலும் தென்மேற்குப் பருவ மழையும் மூட்டமும் வெயிலை மறைக்கும் மாதங்களில் அறுகு மெலிந்துபோகும். அது நிழல் தாங்காத புல்.

வீட்டு முற்றத்துக்கு என்றால், ஹட்டனில் வெயில் படும் இடத்தில் நான் அறுகைத்தான் வைப்பேன். மெல்லிய இலை, குட்டை வளர்ச்சி. கிகுயுவை மழைக்காலத்தில் வாரந்தோறும் வெட்ட வேண்டும். விட்டால் லீக்ஸ் பாத்திக்குள் புகுந்துவிடும், பிடுங்கி மாளாது.

மாட்டுக்கு என்றால் கிகுயுதான். ஆனால் தேயிலைத் தோட்ட லயத்துக் குடும்பத்துக்கு மேய்ச்சல் நிலம் ஏது? கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மா, வழியில் ஒரு கட்டு புல் அறுத்துத் தலையில் சுமந்து வந்தால்தான் பசுவுக்கு இரை. தேயிலை பிடுங்கிய மலையில் மண்ணைத் தேற்ற ஒன்றரை, இரண்டு வருடம் குவாத்தமாலா, மானா என்ற புற்களை வளர்ப்பார்கள். மானாவின் வாசனை மாட்டுக்குப் பிடிக்காது. குவாத்தமாலாவை விரும்பித் தின்னும். ஆனால் அது அந்த மண்ணுக்கே வெட்டிப் போட வேண்டிய புல். மாட்டுக்கு அள்ளினால் மண் பட்டினி கிடக்கும்.

அதனால்தான் கிகுயு நட லயத்துக்குப் பின்னால் சரிந்து கிடக்கும் மேட்டைச் சொல்கிறேன். கிகுயுவுக்குப் பசி அதிகம். மெலிந்த மண்ணில் மஞ்சளாகிவிடும். சாணம் போட்டால் அரிவாளுக்கு எட்டும் உயரம் எழும். தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி மழை தொடங்கும்போது ஊன்றினால் போதும்.